ஓசூர் பக்கம் ஆலங்கட்டி மழை: மாடியில எதை முதல்ல காப்பாத்தணும்?

ஓசூர் தளி ரோட்டுப் பக்கம் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்காங்க. கீழ கான்கிரீட் வீடு, மாடியில ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட ஒரு ரூம், அதுல வாடகைக்கு ஆள் இருக்காங்க, பக்கத்துலயே சோலார் வாட்டர் ஹீட்டர். போன கோடையில விழுந்த ஆலங்கட்டில ஹீட்டர் டியூப் ரெண்டு உடைஞ்சுது, சீட்டும் ஒரு இடத்துல விரிசல் விட்டுது. அடுத்து 3 கிலோவாட் சோலார் பேனல் வேற போடப் போறாங்களாம். வருசா வருசம் இப்படி வருமா, மாடி முழுக்க வலை கட்டிடலாமா, இன்சூரன்ஸ்ல காசு கிடைக்குமான்னு கேட்டிருக்காங்க.

மாடி முழுக்க வலை வேண்டாங்க. அந்தக் காசுல முதல்ல அந்த சீட்டை மாத்துங்க. ஏன்னு சொல்றேன்.

உங்க ஊர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். நம்ம ஊர் வானத்துல தண்ணி உறையற மட்டம் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் மேல இருக்கு, அங்க இருந்து விழற கட்டி சென்னை மாதிரி சமவெளிக்கு வந்து சேர்றதுக்குள்ள நிறைய கரைஞ்சிடும், உங்களுக்கு அந்த தூரம் குறைவு. அதோட மார்ச்ல இருந்து மே வரைக்கும் மதியம் தரை நல்லா சூடாகி, கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்தும் உள்நாட்டு வறண்ட காத்தும் இந்தப் பக்கம் சந்திக்கறப்போ மேகம் கிடுகிடுன்னு மேல வளரும். அதனாலதான் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தாளவாடி, ஏற்காடு, நீலகிரி இங்கெல்லாம் கோடை மழைன்னாலே கட்டி விழுமோன்னு ஒரு பயம். ஆனா ஒரு மேகம் கட்டி கொட்டற இடம் சின்னது, உங்க தெருவுல கொட்டும், ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வெறும் தூறலா இருக்கும். ஊருக்கு அடிக்கடி வருது, உங்க வீட்டுக்கு வருசா வருசம் வரணும்னு இல்ல. ஐப்பசி கார்த்திகை மழையில இது அபூர்வம், அதனால வேலை எல்லாத்தையும் பிப்ரவரிக்குள்ள முடிச்சிடுங்க.

எவ்வளவு கட்டி விழுந்துதுங்கறதைவிட எவ்வளவு பெருசுங்கறதுதான் முக்கியம். விட்டம் ரெண்டு மடங்கானா எடை 8 மடங்காகும், பெரிய கட்டி வேகமாவும் விழும், ரெண்டையும் சேர்த்தா அடி சுமார் 16 மடங்கு. அதனால சுண்டைக்காய் சைஸ்ல அரை மணி நேரம் கொட்டினாலும் ஒண்ணும் ஆகாத வீட்டுல, எலுமிச்சை சைஸ்ல அஞ்சு நிமிசம் விழுந்தா சீட்டும் கண்ணாடியும் போயிடும்.

இப்ப சீட். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் சீட் வயசாக வயசாக நொறுங்கற பதத்துக்கு வந்துடும், வெயில் மழை எல்லாம் பார்த்து மேல பாசி படிஞ்சு கறுத்த சீட்னா நம்பவே நம்பாதீங்க. பகல்ல ரூம் உள்ள நின்னு லைட்டை அணைச்சிட்டு மேல பாருங்க, விரிசல் இருந்தா கோடு மாதிரி வெளிச்சம் தெரியும், முக்கியமா சீட்டை அடியில இருக்கற கம்பியோட பிடிச்சிருக்கற ஜே போல்ட் சுத்தி பாருங்க. தார் டேப் ஒட்டினா இந்த சீசன் ஒழுகல் நிக்கும், அதுக்கு மேல அடுத்த கட்டியைத் தாங்காது. தயவுசெஞ்சு பார்க்கறதுக்காக மேல ஏறி நடக்காதீங்க, இந்த சீட் உடைஞ்சு கீழ விழுந்து செத்தவங்க நிறைய பேரு. ஏறியே ஆகணும்னா அடியில இருக்கற கம்பி மேல வர்ற மாதிரி நீள பலகை போட்டுத்தான் ஏறணும். கழட்டறப்போ தண்ணி தெளிச்சு நனைச்சு, முழு சீட்டா இறக்கச் சொல்லுங்க, சுத்தியலால உடைச்சு இறக்கினா அந்த தூசி நுரையீரலுக்குள்ள போயி வருசக்கணக்குல கழிச்சு நோயாகும், வேலை செய்யற தம்பிங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கான பி100 ஃபில்டர் மாஸ்க் நீங்களே வாங்கிக் குடுங்க, சாதாரண என்95 இதுக்குப் போதாது.

பதிலுக்கு 0.5 மில்லிமீட்டர் கலர் கோட்டிங் மெட்டல் சீட் போடுங்க. கட்டி விழுந்தா சொட்டை விழும், சத்தமும் பயங்கரமா இருக்கும், ஆனா சாதாரண சைஸ் கட்டிக்கெல்லாம் ஓட்டையாகாது. சூட்டுக்கு அடியில ஃபோம் ஷீட் குடுத்துக்கலாம். வெளிச்சத்துக்காக நடுவுல பாலிகார்பனேட் வைக்கறதா இருந்தா புற ஊதா கோட்டிங் இருக்கற பக்கம் மேல பார்த்த மாதிரி மாட்டறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க, திருப்பி மாட்டினா சில வருசத்துல மஞ்சளாகி பிஸ்கட் மாதிரி உடையும். மாத்தற வரைக்கும், இடி சத்தம் கேட்டதுமே வாடகைக்கு இருக்கறவங்களை கீழ வந்து உட்காரச் சொல்லுங்க, இதை இப்பவே அவங்ககிட்ட பேசி வச்சுக்கறது நல்லது.

ஹீட்டர் டியூப்புக்கு மட்டும் வலை சரி. ஜிஐ கம்பி வலையை ஒரு ஃப்ரேம்ல அடிச்சு டியூப்புக்கு மேல அரை அடி இடைவெளி விட்டு நிறுத்தணும், தொட்டுக்கிட்டு இருந்தா அடி அப்படியே இறங்கும். கொஞ்சம் நிழல் விழும், பெரிய நஷ்டம் இல்ல. உடையாத டியூப்பையும் பாருங்க, அடி முனையில வெள்ளி மாதிரி பளபளப்பா இருக்கற இடம் பால் வெள்ளையா மாறியிருந்தா அதுல வேக்குவம், அதாவது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல இருக்கற வெற்றிடம், போயிடுச்சு, அந்த டியூப் இனி சூடு பிடிக்காது. மழை நேரத்துல ஒரு டியூப் உடைஞ்சாலும் டேங்க் தண்ணி மொத்தமும் கொதிக்கக் கொதிக்க வெளிய வரும், குழந்தைங்களை மாடிப்பக்கம் விடாதீங்க.

பேனல் பத்தி. சோலார் பேனலுக்கான சர்வதேச தரம் ஐஇசி 61215ங்கற டெஸ்ட்ல 25 மில்லிமீட்டர் ஐஸ் உருண்டையை விநாடிக்கு 23 மீட்டர் வேகத்துல பேனல் மேல 11 இடத்துல அடிச்சுப் பார்ப்பாங்க. நம்ம 10 ரூபா காயின் 27 மில்லிமீட்டர். அந்த காயினைவிடச் சின்ன கட்டின்னா நல்ல பேனல் தாங்கும், வலை கட்டி கரண்டைக் குறைச்சுக்காதீங்க. வாங்கறப்போ ஒரே ஒரு விசயம் கேளுங்க: முன்கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்? 3.2 மில்லிமீட்டர் டெம்பர்டு கிளாஸ் (சூடாக்கி உறுதியாக்கின கண்ணாடி) கெட்டி, ரெண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் கண்ணாடி போட்ட மாடல்ல கண்ணாடி மெலிசு, அந்த அளவுக்கு டெம்பர் பண்றதும் கஷ்டம், ஆலங்கட்டி ஊருக்கு நான் முதலாவதைத்தான் சொல்லுவேன். பெரிய கட்டி விழுந்த பிறகு கண்ணாடி நல்லா இருந்தாலும் உள்ள செல்லுல நுண் விரிசல் விட்டிருக்கலாம், அதனால இன்வெர்ட்டர் ஆப்ல வர்ற யூனிட்டை முன்னாடி இதே மாசம் எடுத்ததோட வச்சுப் பாருங்க.

யாரும் யோசிக்காத ஒண்ணு மாடி தண்ணிக்குழாய் வாய். தட்டையான ஜாலி போட்டிருந்தா கட்டியும் கிழிஞ்ச இலையும் சேர்ந்து பத்து நிமிசத்துல அடைச்சு, தண்ணி தேங்கி ரூம் வாசப்படி வழியா உள்ள வந்துடும். குமிழா மேல எழும்பின ஜாலி மாத்துங்க, விலை ரொம்பக் கம்மி.

இன்சூரன்ஸ். கார், பைக்குக்கு ஓன் டேமேஜ் கவர் (உங்க வண்டிக்கே ஆகற சேதத்துக்கான காப்பீடு) இருந்தா ஆலங்கட்டி அதுல வரும், வெறும் தேர்டு பார்ட்டின்னா வராது. வீட்டுக்கு 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா கம்பெனியும் தர்ற பாரத் க்ரிஹ ரக்ஷா பாலிசியில புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் இருக்கு, ஆலங்கட்டி சேதம், சோலார் பேனல், ஹீட்டர் இதெல்லாம் அதுல அடங்குமான்னு மெயில்ல கேட்டு பதிலை எடுத்து வச்சுக்கங்க, ஏஜென்ட் வாய்ல சொல்றது க்ளைம் நேரத்துல நிக்காது. கட்டி விழுந்து இடி நின்னதும் நாலஞ்சு கட்டியை 10 ரூபா காயின் பக்கத்துல வச்சு போட்டோ எடுங்க, ரெண்டு கட்டியை கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்க, உடைஞ்சதை அள்ளறதுக்கு முன்னாடி வீடியோ எடுங்க. அரசாங்க பேரிடர் நிவாரணப் பட்டியல்லயும் ஆலங்கட்டி மழை இருக்கு, வீட்டுல குறைஞ்சது 15 சதவீதம் சேதம்னாதான் பகுதி சேதக் கணக்குல வரும், அப்படி ஆனா அன்னைக்கோ மறுநாளோ விஏஓகிட்ட எழுதிக் குடுத்து அவங்க நேர்ல வந்து பார்த்த பிறகு ரிப்பேரை ஆரம்பிங்க.