வெளிநாட்டில் கண்டதையும் சாப்பிடலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 44. அடுத்த மாதம் நானும் மனைவியும் முதல்முறையாக வெளிநாடு போகிறோம். போகிற ஊரின் மொழியில் நாலு வார்த்தையாவது பேச வேண்டும், அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. மனைவியோ பாக்கெட்டில் அடைத்ததைத் தவிர எதையும் தொடக் கூடாது என்கிறார். கல்லூரி நாட்களில் இறால் சாப்பிட்டு இரண்டு முறை உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கியது. அதன் பிறகு இறாலைத் தொட்டதில்லை. நெஞ்செரிச்சலுக்குத் தினமும் பேன்டோபிரசோல் எடுக்கிறேன். புது உணவுகளைச் சாப்பிட்டுப் பார்க்கலாமா? முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொண்டு போகட்டுமா?

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆன்டிபயாட்டிக் வேண்டாம், பெரும்பாலான பயணிகளுக்கு அதை முன்கூட்டியே கொடுப்பதில்லை, வயிற்றில் இருக்கிற நல்ல கிருமிகளையும் அழித்துவிட்டு மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு இடம் விட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நீங்கள் வயிற்றுப்போக்கை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது, கேள்வியின் நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த இறால் விஷயம்தான். பேதி வந்தால் பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஐந்து நாளில் தானே சரியாகும். ஒவ்வாமை அப்படியில்லை, சில நிமிடங்களில் மூச்சை அடைக்கும். முன்பு தடிப்போடு நின்றது என்பதால் அடுத்த முறையும் அதோடு நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வீட்டில் இறாலைத் தவிர்ப்பது சுலபம், பார்த்தாலே தெரிந்துவிடும். தெரியாத ஊரில் அது விழுதாக, பொடியாக, குழம்பின் அடியில் கரைந்து இருக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: வறுத்த வெட்டுக்கிளி, புழு என்று பூச்சி உணவு எங்காவது கண்ணில் பட்டால் ஆசையாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிடாதீர்கள். இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் டிரோபோமயோசின் என்ற புரதம் பூச்சிகளிலும் கிட்டத்தட்ட அதே வடிவில் இருக்கிறது, எண்ணெயில் பொரித்தாலும் எளிதில் அழியாது. நண்டு, சிங்கி இறாலுக்கும் இதே கதைதான்.

இங்கேதான் உங்கள் மொழி ஆசை கைகொடுக்கும். எல்லோரும் வணக்கமும் நன்றியும் கற்றுக்கொண்டு போவார்கள், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன்னால் உங்கள் உடம்பைப் பற்றிய இரண்டு வாக்கியங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். அவற்றை அந்த ஊர் மொழியில், அந்த ஊர் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வாங்கி, செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். "இறால், நண்டு வகை எதைச் சாப்பிட்டாலும் எனக்கு மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அவற்றின் விழுது, பொடி, அவற்றைப் பொரித்த எண்ணெய் எதுவும் ஆகாது." சாப்பிட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்பது அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சமையல்காரர் உங்களுக்கு ருசி பிடிக்காது போல என்று நினைத்து, இறாலை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டைத் திரும்ப நீட்டுவார். மொழிபெயர்ப்புச் செயலி எழுதியதை அப்படியே நம்ப வேண்டாம், மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டி விடுங்கள்.

கேட்கும்போது "இதில் இறால் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பாதி புரிந்தவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், எதற்கு ஆட்டினார் என்று உங்களுக்கும் தெரியாது. அட்டையைக் காட்டிவிட்டு "இதில் என்னென்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லியோ எடுத்துக் காட்டியோ ஆக வேண்டும். பதில் புரியவில்லையா, அந்த உணவு வேண்டாம், வேறொன்றைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இறால், நண்டு வகை உட்பட 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலை உணவகமும் தந்தாக வேண்டும் என்று 2014 முதல் சட்டமே இருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி எதிர்பார்க்க முடியாது.

போவதற்கு முன் ஒரு ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். கடுமையான ஒவ்வாமைக்கு அவசரத்தில் போடும் அட்ரீனலின் ஊசி உங்களுக்குத் தேவையா என்று அவர் முடிவு செய்வார். கொடுத்தால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், மருந்துச் சீட்டோடு; விமானத்தில் போடும் பெரிய பெட்டியில் அல்ல. தொடையின் வெளிப்பக்கத்தில் குத்த வேண்டும், உங்கள் மனைவிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மூச்சு இளைப்பு, தொண்டை இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அலர்ஜி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது தவறு. முதலில் ஊசி, அப்புறம் ஆம்புலன்ஸ், சரியானது போலத் தெரிந்தாலும் மருத்துவமனை.

சரி, வயிற்றுக்கு வருவோம். வீட்டுக்காரம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் பாக்கெட்தான் பாதுகாப்பு என்பதில்லை, சூடுதான் பாதுகாப்பு. கண்ணெதிரே கொதிக்கக் கொதிக்கச் செய்து தருகிற தெருக்கடை உணவு, பெரிய ஓட்டலில் காலையிலிருந்து வெதுவெதுப்பாக ஆறிக்கொண்டிருக்கும் பஃபேயைவிட எத்தனையோ மேல், ஏனென்றால் 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். குழாய்த் தண்ணீர் சந்தேகமான இடத்தில் ஐஸ் கட்டியும் சந்தேகம்தான். உறைய வைத்தால் கிருமி சாகாது. வேக வைக்காத காய்கறி, காய்ச்சாத பால், தோல் உரித்து வெட்டி வைத்த பழம், இதெல்லாம் அங்கே வேண்டாம். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நோரோவைரஸ் என்கிற வாந்திபேதி வைரஸுக்கு சானிடைசர் அவ்வளவாக உதவாது.

பேன்டோபிரசோல் பற்றி நீங்களாகவே சொன்னது நல்லதாகப் போயிற்று. வயிற்று அமிலம்தான் உள்ளே வரும் கிருமியை முதலில் கொல்கிறது, மாத்திரை அந்த அமிலத்தைக் குறைக்கிறது, அதனால் மற்றவர்களைவிட உங்களுக்கு வயிறு கெடும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதற்காகத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்கும். அது இன்னமும் தேவைதானா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரையே கேளுங்கள், பல பேர் வருடக்கணக்கில் காரணமே மறந்து விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வயிறு கெட்டால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைப் பொடி, தண்ணீரில் கலக்கிக் குடிப்பது. இங்கிருந்தே வாங்கிப் போங்கள், படிக்கத் தெரியாத மொழியில் அளவு அச்சிட்ட பாக்கெட்டை அங்கே போய்ப் பிரித்துக்கொண்டு நிற்க வேண்டாம். சில பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சில 200 மில்லிக்கு. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு அதிகமாகிக் கெடுதல்தான். நீண்ட பஸ் பயணத்துக்கு, பேதியைக் கட்டுப்படுத்தும் லோபெரமைடு மாத்திரை ஒன்றிரண்டு போடலாம், ஆனால் காய்ச்சல் இருந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ அதைத் தொடக் கூடாது. அப்போதும், தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் சிறுநீர் குறைந்தாலும், மருத்துவரிடம் போக வேண்டும். "வயிற்றுப்போக்கு, ரத்தம், காய்ச்சல், எத்தனை நாளாக" என்ற வார்த்தைகளையும் அந்த அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எடுக்கும் மருந்துகளுக்கு பிராண்ட் பெயர் போதாது, பேன்டோபிரசோல் என்பது போல உள்ளே இருக்கும் மருந்தின் மூலப்பெயர் வேண்டும். பிராண்ட் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

போகிற நாட்டைச் சொல்லவில்லை நீங்கள். அதைச் சொல்லி ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு தடுப்பூசி வேண்டுமா என்று இந்த வாரமே உங்கள் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள், டைபாய்டு ஊசி கிளம்புவதற்கு இரண்டு வாரமாவது முன்பு போட்டிருந்தால்தான் பலன் தரும்.