கைதிக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்?

கே: கையைக் கட்டி இழுத்துப் போவதால்தான் ‘கைது’ என்று பேர் வந்தது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். சரியா?

ப: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இல்லை. அரபியில் ‘கைத்’ என்றால் தளை, விலங்கு. அது பாரசீகத்துக்குப் போய், உருதுவுக்கு வந்து, நவாபு காலத்துக் கச்சேரி, அதாவது அரசு அலுவலக வழக்கில் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. வக்கீல், ஜாமீன், அமீனா, ஜப்தி எல்லாம் அதே கூட்டத்தோடு வந்தவைதான். அகப்பட்டவன் ‘கைதி’, அந்தக் கடைசி ‘இ’ கூட அங்கிருந்தே வந்தது. தெலுங்கில் ‘கைதீ’ என்பதை அழுத்திச் சொல்வார்கள், அங்கே போய்க் கையைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் தெலுங்கில் கைக்குப் பேர் ‘செய்யி’.

கே: இந்தியிலும் இதே அர்த்தமா?

ப: கொஞ்சம் மாறும். அங்கே ‘கைத்’ என்றால் சிறைவாசம், ஆயுள் தண்டனை ‘உமர் கைத்’. போலீஸ் பிடிப்பதற்கு அவர்கள் சொல்வது ‘கிரஃப்தார்’. நாம்தான் ‘கைது’ என்பதைப் பிடிக்கிற அந்த நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே கிடப்பதற்குச் சிறை என்கிறோம்.

கே: அதற்கு முன்னால் தமிழில் எப்படிச் சொன்னார்கள்?

ப: புறநானூற்று 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பைப் பாருங்கள். சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை ‘பற்றுக்கோட்பட்டு’ குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான் என்று இருக்கும். பிடிபட்டு என்று அர்த்தம். தண்ணீர் கேட்டிருக்கிறான், உடனே தரவில்லை, தாமதமாக வந்ததை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே செத்துப்போனான். பாட்டில் தன்னைத் ‘தொடர்ப்படு ஞமலி’ போல என்கிறான், அதாவது சங்கிலியில் கட்டிய நாய்.

கே: ‘அஞ்சிறைத் தும்பி’ என்று குறுந்தொகையில் வருகிறதே, அங்கே சிறை என்றால் சிறகு. சிறகும் ஜெயிலும் ஒரே சொல்லா?

ப: எழுத்து ஒன்று, அது உண்மை. ஆனால் ஜெயில் அர்த்தத்துக்குப் பக்கத்தில் நிற்பது சிறகு அல்ல, அணை. தொல்காப்பியம் ‘வருவிசைப் புனலைக் கற்சிறை போல’ என்கிறது, பாய்ந்து வரும் வெள்ளத்தைத் தடுக்கும் கல்லால் ஆன அணை. மலையாளத்தில் இன்றைக்கும் ‘சிற’ என்றால் அணை, குளம். தெலுங்கில் ‘செரசாலை’, கன்னடத்தில் ‘செரெமனெ’ இரண்டும் ஜெயில்தான். தடுத்து நிறுத்துவதுதான் அடிப்படை என்று நான் நினைக்கிறேன்.

கே: யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘மறியல்’ என்றுதான் சொல்வோம். சென்னைச் செய்தியில் ‘500 பேர் மறியல்’ என்று பார்த்துவிட்டு அம்மா பதறிவிட்டார்.

ப: அங்கே மறியல் என்றால் உள்ளே போவது, விளக்கமறியல் என்றால் விசாரணைக் காவல். இங்கே ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை நிறுத்துவது. மறித்தல் ஒன்றுதான், யார் யாரை மறிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அம்மாவிடம் சொல்லுங்கள், இங்கே மறியல் செய்தவர்களைப் பெரும்பாலும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து சாயங்காலம் விட்டுவிடுவார்கள்.

கே: பிணைக்கைதி?

ப: பிணை தமிழ், கைதி அரபி. பிணை என்றால் கட்டு, ஈடு. ஆளையே ஈடாக வைத்துப் பேரம் பேசுவது.

கே: ‘மாமியார் வீடு’ நம்ம ஊர்க் கிண்டல்தானே?

ப: நமக்கு மட்டும் சொந்தமில்லை, இந்திக்காரர்களும் ஜெயிலை ‘சசுரால்’ என்றுதான் கிண்டல் செய்கிறார்கள். களி தின்பது வேண்டுமானால் நம்முடையது.