கம்பி இழுக்கையில் நடுவே கிண்ணம்போல முறிகிறது: டையில் பிழையா, கம்பியில் பிழையா?

கேள்வியில் உள்ள விவரம்: திருகோணமலையில் வேலிக்கம்பிப் பட்டறை. 5.5 மி.மீ. குறைகாபன் உருக்குக் கம்பி 3 மி.மீ. ஆக இறங்குகிறது. கடைசி டை (கம்பியை இழுத்து ஒடுக்கும் கூம்புத் துளை அச்சு) 3.2இலிருந்து 3.0 மி.மீ. ஆக்குகிறது, துளையின் முழுக்கோணம் 18 பாகை. முறிந்த ஒரு முனை கிண்ணம், மறுமுனை கூம்பு. மேற்பரப்பில் கீறலே இல்லை.

கம்பி விற்றவரைச் சாடும் முன் அந்தக் கடைசி டையைப் பாருங்கள்.

மெஷினை நிறுத்தி, டைக்கு இரு பக்கமும் கம்பியை வெட்டி, உள்ளே நிற்கும் துண்டை வந்த வழியே பின்னுக்குத் தட்டி எடுங்கள். அதில் பளபளவென்று ஒரு சாய்வுப் பட்டை தெரியும். உலோகம் டையைத் தொட்டுக் குறுகிய இடம் அதுதான். அதை அடுத்த நேர்ப்பகுதியை (துளையின் சாய்வில்லாத முடிவுப் பகுதி பதிந்த இடம்) சேர்க்காமல் சாய்வை மட்டும் அளந்தால் சுமார் 0.64 மி.மீ. வரும். சராசரி விட்டம் 3.1ஐ அதனால் வகுத்தால் 4.8. இந்த விகிதத்தை டெல்டா என்பார்கள். அது 3ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும்.

தொடும் நீளம் இவ்வளவு குட்டையானால் அமுக்கம் தோலோடு நின்றுவிடும். தோல் நீள்கிறது, நடு நீள மறுக்கிறது. தோல் நடுவை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுவிசையில் நடுவிலுள்ள கசடுத் துணுக்குகளைச் சுற்றித் துளைகள் திறந்து, அம்புமுனை வடிவ வெடிப்புகளாகச் சேர்கின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. ‘அளவு திருத்த’ என்று கடைசியில் வைக்கும் மெல்லிய இழுப்பு பாதுகாப்பானது என்று நம்புவதுதான் இந்தத் தொழிலின் பெரிய தவறு.

5.5, 4.87, 4.32, 3.82, 3.39, 3.00 என்று ஐந்து டைகளில் இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் பரப்பு 21.5% குறையும். முழுக்கோணம் 12 பாகை, நேர்ப்பகுதி விட்டத்தின் 30 முதல் 50% வரை. கடைசி டையில் டெல்டா 1.7 ஆகிவிடும். கோணத்தை இன்னும் குறைத்தால் உராய்வும் சூடும் ஏறும். ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு டைக்கும் கம்பியின் வேகம் 1.27 மடங்காகும். கம்பியைச் சுற்றி இழுக்கும் டிரம்களின் வேகம் அதற்கு ஒத்துவராவிட்டால், டையை மட்டும் மாற்றி எந்தப் பயனும் இல்லை.

கணினியில் மாதிரி செய்வதானால் அச்சுச் சமச்சீர் கொண்ட பாதி வெட்டே போதும். உராய்வுக் குணகம் 0.05 முதல் 0.10 வரை. பலர் சறுக்குவது உலோகத்தின் வலிமைத் தரவில்தான். சாதாரண இழுவைச் சோதனை 0.2 விகாரத்துக்குள் (விகாரம் என்பது நீட்சியின் அளவு) ஓரிடம் கழுத்துப்போல ஒடுங்கி முடிந்துவிடும். உங்கள் கம்பியோ மொத்தம் 1.2 விகாரம் காண்கிறது. ஒவ்வொரு டைக்குப் பின்னும் துண்டு எடுத்துச் சோதித்து, அந்த இளகு வலிமைகளை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் வலிமை) அதுவரையான விகாரத்துக்கு எதிரே கோர்த்துக் கொடுங்கள். முடிவில் இழுக்கும் விசையை மட்டும் பார்க்காமல், கம்பியின் நடு அச்சில் எல்லாத் திசைகளிலும் சேர்ந்த சராசரித் தகைவு (பரப்பலகில் படும் விசை) இழுவையா அமுக்கமா என்று பாருங்கள்; இழுவையானால் துளைகள் திறக்கும்.

கடற்காற்றும் மாரி மழையும், டைக்கு முன்னால் பெட்டியில் மசகாக வைக்கும் சவர்க்காரத் தூளைக் கட்டியாக்கும். பெட்டிக்குள் கம்பி போகும் வழி தூள் விழாத வெறும் குகையானால் டை வறண்டு தேயும். சோடியச் சவர்க்காரத்தைவிடக் கல்சியம் வகை ஈரத்தைத் தாங்கும். தூளை மூடி வையுங்கள், அடிக்கடி கிளறுங்கள்.

இவ்வளவும் செய்தும் அதே கிண்ணம் வந்தால், இழுக்காத 5.5 கம்பியின் குறுக்குவெட்டை மினுக்கி, நைட்ரிக் அமிலம் கலந்த மதுசாரத்தில் அரித்துப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளி இருந்தால் பிழை கம்பியில்; அந்தத் துண்டோடு விற்றவரிடம் போகலாம்.