கோச்சியில் வந்த ஐயாமார்

அன்பின் ரீச்சருக்கு,

நான் யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்தவன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மெல்பேர்னில் இருக்கிறேன். வேலை சிட்னியில். திங்கட்கிழமை விடிய ஆறு மணி விமானத்தில் போய் வியாழக்கிழமை இரவு திரும்புகிறேன். பறப்பது ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் வாசலிலிருந்து வாசலுக்கு ஐந்து மணி நேரம் போய்விடும். சிட்னியில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை விமானங்களுக்குத் தடை. கடைசி விமானம் பிந்தினால் அன்றிரவு அங்கேயே தங்க வேண்டியதுதான். முதுகுவலி, நித்திரை இல்லை. இவ்வளவு பறப்பது சூழலுக்குக் கேடு என்று மகள் வேறு சண்டை. குடும்பத்தைச் சிட்னிக்கு மாற்றலாமா, வேலையை விடலாமா என்று தெரியவில்லை. வீட்டுக் கடன், மகனின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை எல்லாம் மெல்பேர்னில். மனைவி எப்படியோ சமாளிக்கிறார். நான் நிற்கும் நாட்களில் பிள்ளைகளின் படிப்பு, போன் பாவனை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடுகிறேன்.

நீங்கள் இந்தப் பத்தியில் மெயில் கோச்சியை, கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடிய அந்த இரவு ரயிலைப் பற்றி எழுதியதை வாசித்தபோது ஆறுதலாக இருந்தது. எங்கள் தாத்தாமார் இதைத்தானே ஒரு முறைப்பாடும் இல்லாமல் செய்தார்கள்? எங்களால் ஏன் முடியவில்லை? ஊருக்கு வரும்போது பலாலி விமான நிலையத்தில் இறங்க வழி உண்டா?

அன்புடன்,
க.

அன்பின் க.,

போன மாதம் கொக்குவில் வீட்டுப் பெட்டகத்தைத் துப்புரவாக்கியபோது அம்மாவின் கணக்குக் கொப்பிகள் கிடைத்தன. அன்றிலிருந்து என் மனம் நீங்கள் கேட்ட விஷயத்தில்தான் நிற்கிறது. அதனால் உடனே எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். முதுகுவலிக்கு வைத்தியரிடம் போங்கள், என்னிடம் வர வேண்டாம். மகள் சொல்வது சரிதான். ஆனால் அந்த இரண்டு நகரங்களுக்கும் இடையில் ரயில் 11 மணி நேரம் ஓடுகிறது. வேகமான பாதை போடாதது உங்கள் குற்றமில்லை. வளர்ந்து வாக்குப் போடும்போது அவள் அதைக் கேட்கட்டும்.

இனி அந்தத் தாத்தாமார். முறைப்பாடு இல்லாமல் செய்தார்கள் என்று யாரிடம் கேட்டீர்கள்? கோச்சியில் வந்தவர்களைத்தானே கேட்டிருப்பீர்கள். வீட்டில் நின்றவர்களைக் கேட்டீர்களா?

1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் பாதை முழுதாகத் திறந்தது. மலாயாவுக்குக் கப்பலேறிய தலைமுறைக்குப் பிறகு, கொழும்புக்குக் கோச்சியேறிய தலைமுறை வந்தது. 1956இல் பகலில் ஓடும் யாழ்தேவியும் சேர்ந்துகொண்டது. என்றாலும் உத்தியோகத்தருக்கு இரவு மெயில்தான் வசதி. வெள்ளிக்கிழமை கந்தோர் முடிந்து கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஏறினால் சனிக்கிழமை காலை ஊர். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏறினால் திங்கட்கிழமை அதே சட்டையோடு கந்தோர். பலர் மாதம் ஒருமுறை வந்தார்கள். என் ஐயா, என் தகப்பனார், வாரம் தவறமாட்டார். கிளாக்கர் வேலை, வெள்ளவத்தையில் நாலைந்து பேரோடு ஒரே வீட்டில் கூட்டாகத் தங்கும் சமறி. மூன்றாம் வகுப்பில் இரவெல்லாம் குந்தியிருந்து வந்து, திண்ணையில் சப்பாத்தைக் கழற்றும்போதே ஒரு கால் சப்பாத்தோடு தூங்கிவிடுவார். மற்றதைக் கழற்றுவது என் வேலை. அந்தக் களைப்பு எனக்குத் தெரியும், தம்பி. அதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

எங்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போகவில்லையே என்றும் நீங்கள் கேட்கலாம். 1958 இனக்கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கிய சனத்தில் ஐயாவும் இருந்தார். நிலைமை தணிந்ததும் அவர் மட்டும் திரும்பிப் போனார். குடும்பத்தைக் கூட்டிப்போகும் கதை அதோடு வீட்டில் எடுபடவில்லை.

இப்போது கொப்பிக்கு வருகிறேன். ஒவ்வொரு மாதமும் மேலே மணியோடர் தொகை. அதற்குக் கீழே கடைக் கணக்கு. பக்கத்தின் பாதிக்குப் பிறகு வருவதுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. ‘பக்கத்து வீட்டு மாமிக்கு அரிசி ஒரு கொத்து திருப்பியது.’ ‘சின்னவனுக்குக் காய்ச்சல், பெரியம்மா இரண்டு இரவு நின்றா, ஒரு குட்டான் பனங்கட்டி.’ ‘பரியாரியார் காசு வாங்கவில்லை, முருங்கைக்காய் ஒரு கட்டு.’ ‘வேலி அடைக்க அண்ணை வந்தது, மத்தியானச் சாப்பாடு.’ பக்கம் பக்கமாக இதேதான். 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, சந்திரனின் நாலு கட்டங்களுக்கும் வரும் போயா விடுமுறை வைத்தார்களே, அந்தக் காலக் கொப்பியில் ஐயா வரும் நாட்களைச் சந்திரனைப் பார்த்துக் குறித்திருக்கிறார் அம்மா. கிழமை மாறி மாறி வருகிறது. எந்த நாளில் யாரை உதவிக்குக் கூப்பிடுவது என்ற ஒழுங்கும் அதோடு மாறுகிறது.

ஐயாவைக் கொழும்புக்கும் ஊருக்கும் சுமந்தது ரயில்வே என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கொப்பியைப் பாருங்கள். அவரைச் சுமந்தது எங்கள் ஒழுங்கை, எங்கள் வீடு இருக்கும் இந்தச் சின்னத் தெரு. ஆச்சி, மாமி, பெரியம்மா, அம்மாவின் தமையன், நாட்டு வைத்தியரான பரியாரியார் என்று ஒரு முழு ஒழுங்கையும் வேலை செய்துதான் ஒரு கிளாக்கர் வெளியூரில் உத்தியோகம் பார்த்தார். அந்த ஒழுங்கைக்குச் சம்பளம் இல்லை, பென்சனும் இல்லை.

உங்கள் கடிதத்தில் விமானத்துக்கு ஒரு பந்தி இருக்கிறது. மனைவிக்கு ஒரு வரி, அதுவும் ‘எப்படியோ’ என்று. எப்படி என்று நீங்கள் கேட்கவே இல்லையா? அந்தப் புறநகரில் அவருக்கு மாமி இருக்கிறாரா, இரவு நிற்கப் பெரியம்மா இருக்கிறாரா? ஒரு ஒழுங்கை செய்த வேலையை, தன் வேலைக்கும் போய்க்கொண்டு, ஒரு பெண் தனியாகச் செய்கிறார். பிறகு அந்தத் தாத்தாமாரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள். அவர்கள் உங்களுக்குச் சாட்சி சொல்ல முடியாது, தம்பி.

அடுத்தது அந்த ‘ஒழுங்குபடுத்திவிடுகிறேன்’. இதைச் சும்மா விடமாட்டேன்.

எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளும் துலாவைத் தாங்கும் ஆடுகால் மரம் ஒன்றைக் கறையான் அரித்துவிட்டது. அம்மா தமையனிடம் கேட்டு, மரவேலை செய்யும் ஓடாவியாரைக் கூப்பிட்டுக் காட்டி, விலை பேசி, முற்பணமும் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வைரமான பனைமரம் வந்து இறங்கியது. சனிக்கிழமை காலை ஐயா வந்தார். குளிக்கப் போனவர் மரத்தைப் பார்த்தார், விலையைக் கேட்டார். ‘உனக்கு என்ன தெரியும்? ஆரைக் கேட்டுச் செய்தனீ?’ ஒன்பது மணிக்கு ஓடாவியார் வந்தபோது அவரை இருக்கச் சொல்லாமல் படியில் நிற்க வைத்தே பேசினார். அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. வாய்ச்சியையும் உளியையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஞாயிறு மாலை ஐயா பெட்டியை எடுத்துக்கொண்டு கொக்குவில் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி, ஓடாவியார் வீட்டுக்கு நடந்தார். படலைக்கு வெளியே நின்று, ‘அவர் கோச்சிக் களைப்பில் சொல்லிப்போட்டார், மனசில வைச்சிருக்காதேங்கோ’ என்றார். மூன்று நாள் பக்கத்து வளவுக் கிணற்றில் அள்ளினோம். வியாழக்கிழமை ஆடுகால் நின்றது. அடுத்த சனிக்கிழமை ஐயா குளித்துவிட்டு வந்து மரம் நல்ல மரம்தான் என்றார். அம்மா விலையைச் சொல்லவில்லை. கொப்பியில் ஓடாவியாருக்கு நேரே இரண்டு தொகைகள் இருக்கின்றன. இரண்டாவதுக்குப் பக்கத்தில் ‘ஆச்சியிடம் வாங்கியது’ என்று எழுதியிருக்கிறது.

ஐயா கெட்டவரில்லை. எனக்கு அவர் உயிர். வாரம் முழுக்க இல்லாத குற்ற உணர்வை அந்த இரண்டு நாளில் அதிகாரம் செய்து தீர்க்கப் பார்த்தார், அவ்வளவுதான். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். வியாழக்கிழமை நடுச்சாமத்தில் வந்து இறங்கியவருக்கு வெள்ளிக்கிழமை காலை என்ன தெரியும்? போன் விஷயத்தில் திங்கட்கிழமை ஒரு சண்டை நடந்து, செவ்வாய்க்கிழமை ஒரு விதி உருவாகி, புதன்கிழமை அதற்கு ஒரு விலக்கும் கொடுத்திருப்பார் உங்கள் மனைவி. அந்த விலக்குக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். நீங்கள் வந்து எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து எழுதிவிட்டு, திங்கட்கிழமை விடியப் பறந்துவிடுகிறீர்கள். யாருடைய படலைக்கு வெளியே குடையோடு நின்று அவர் அதைச் சரிப்படுத்துகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. உடனே நிறுத்துங்கள். வீட்டில் நிற்கும் நாட்களில் அவர் வைத்த விதியைப் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் கேட்டு நடங்கள். அது பிழையான விதியாகத் தெரிந்தாலும் பிள்ளைகளுக்கு முன்னால் வாய் திறக்க வேண்டாம். சமையுங்கள், உடுப்புத் தோயுங்கள், பிள்ளைகளைக் காரில் ஏற்றி இறக்குங்கள். முடிவு எடுக்கிற வேலை மட்டும் உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990 ஜூனில் போரால் கோச்சி நின்றது. அதன் பிறகு சனம் இரவில் கிளாலிக் கடலில் வள்ளம் ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வந்தது. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 தரைப்பாதையும் மூடியது. யாழ்ப்பாணத்துக்கு மறுபடி கோச்சி வந்தது 2014 அக்டோபர் 13இல். அதைப் பார்க்க நானும் ஸ்டேஷனுக்குப் போனேன், அழுதேன். ஆனால் அதற்குள் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மாமியின் பிள்ளைகள் கனடாவில், பரியாரியாரின் பேரன்மார் லண்டனில், பெரியம்மாவின் மகள் உங்கள் மெல்பேர்னில்தான். இப்போது கொழும்பில் வேலை செய்யும் பொடியன்கள் வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஏறிச் சனிக்கிழமை வந்து இறங்குகிறார்கள். அவர்களின் மனைவிமாரும் உங்கள் மனைவியைப் போலத் தனியாகத்தான் நிற்கிறார்கள். முன்வீட்டுப் பிள்ளை காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவு பத்து மணிக்கு என் கதவைத் தட்டினது போன வாரம். என் வயதில் நான் எத்தனை வீட்டுக்குப் பெரியம்மாவாக இருக்க முடியும்?

சிட்னிக்கு மாறுவதா, வேலையை விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். அதை நான் சொல்லக் கூடாது. உங்கள் மனைவி ஒரு கடிதம் எழுதட்டும். திங்கள் முதல் வியாழன் வரை என்ன நடக்கிறது என்று எழுதட்டும். நீங்கள் திருத்தாமல், பக்கத்தில் இருந்து பார்க்காமல் அனுப்புங்கள். அவர் விரும்பினால் இங்கே போடுகிறேன், விரும்பாவிட்டால் நான் மட்டும் வாசிக்கிறேன். முடிவை அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் பேசி எடுங்கள்.

பலாலிக்குச் சென்னையிலிருந்து வரலாம். 2019இல் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கிய சேவை. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. சிறிய ஏடிஆர் விமானம். உங்கள் பிள்ளைகளுக்கு டிசம்பரில் விடுமுறை விட்டுவிடும், ஆனால் மார்கழியில் இங்கே மழை பிடித்துக்கொள்ளும். தைப்பொங்கலை ஒட்டி நாலு பேருமாக வாருங்கள்.

அன்புடன்,
ரீச்சர்