கமேலியா மொட்டுகள் விரியாமலே கொட்டுகின்றன. குளிர்தான் காரணமா? செடியை எடுத்துவிடலாமா?

எடுத்துவிடாதீர்கள். உங்களுடையது தொட்டிச் செடி, கிழக்குப் பார்த்து நிற்கிறது என்றே நினைக்கிறேன். எனக்கு வாய்த்ததும் அப்படித்தான். வீட்டைக் காலி செய்தவர்கள் விட்டுப்போன, கமேலியா ஜப்போனிகா என்ற இனத்துச் செடி. "குளிர் தாங்காது, பூக்கவே பூக்காது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதை நான் ஏற்கவில்லை. கமேலியா கோடையில் மொட்டுக் கட்டி, பல மாதங்கள் கழித்துக் குளிரிலோ இளவேனில் தொடக்கத்திலோ மலர்கிற செடி. கோடைக் கடைசியில் வேர் காய்ந்தால் மொட்டு அப்போதே உதிராது. உறைபனி விழும் நாட்களில் உதிரும், பழி குளிரின் மேல் விழும். அதனால் மொட்டுக் கட்டும் காலம் முழுவதும் மண் காயாமல் காத்தேன். மழைநீரைச் சேர்த்து ஊற்றினேன். சுண்ணாம்பு மிகுந்த குழாய்நீர் இதற்கு ஆகாது. மண்ணின் அமிலத்தன்மை குறைந்துவிட்டால் செடியால் இரும்பை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும்.

பிறகு தொட்டியை மேற்குச் சுவரோரம் மாற்றினேன். இரவில் உறைந்த மொட்டில் காலை வெயில் நேராக விழுந்தால், சட்டென்று உருகி இதழ் கருகிவிடும். தொட்டியைச் சாக்கால் சுற்றினேன். தரையில் உள்ள வேரைவிடத் தொட்டி வேர் வேகமாக உறையும். அந்தக் குளிர்காலத்தின் முடிவில் செடி முழுக்கச் சிவப்புப் பூக்கள்!

எந்தக் குளிரையும் இது தாங்கும் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஜப்போனிகாவுக்கு எல்லை உண்டு. 1970களின் பிற்பகுதியில் வந்த கடுங்குளிரில் வாஷிங்டனிலுள்ள அமெரிக்கத் தேசியத் தாவரப் பூங்காவின் கமேலியாக்களில் பெரும்பாலானவை மடிந்தன, கமேலியா ஒலிஃபெரா என்ற வேறோர் இனம் பிழைத்தது. அதை மற்ற கமேலியாக்களோடு கலந்து தாவர ஆய்வாளர் வில்லியம் அக்கர்மன் உருவாக்கிய ரகங்கள் உறைகுளிர் ஊர்களுக்கு ஏற்றவை. ரோடோடென்ட்ரான் என்ற பூப்புதரும் நல்ல தேர்வு. கடுங்குளிரில் அதன் இலைகள் சுருண்டு தொங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள், அது தன்னைக் காத்துக்கொள்ளும் முறை.

எனக்குக் குளிரைவிட விருந்தினர்கள்தான் பெரிய கவலை. சென்ற முறை வந்த உறவினர் ஒருவர், விரிந்த ஒரு பூவுக்காக ஒரு முழம் கிளையைக் கேட்காமலே ஒடித்தார். அதில் விரியாத மொட்டுகளும் இருந்தன. "செடிதானே, மறுபடி வளரும்" என்றார். ஓராண்டு தண்ணீர் ஊற்றியவரிடம் சொல்லும் பேச்சா இது?