உடலைக் குளிர வைத்தால் மூளை பிழைக்குமா?

கேள்வி: விபத்தில் தலையில் பலத்த அடிபட்டு நினைவின்றிக் கிடப்பவரைக் குளிர வைத்து மூளையைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். அப்படியானால் எல்லோருக்கும் ஏன் செய்வதில்லை?

பதில்: கணக்கு சரிதான். உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் இறங்கினால் மூளையின் ஆக்ஸிஜன் தேவை ஏறத்தாழ 6, 7 சதவீதம் குறையும். ரத்த ஓட்டமும் அதற்கேற்பச் சுருங்கி, மண்டைக்குள் அழுத்தம் தணியும். மானிட்டரில் எண் இறங்குவது கண்ணுக்கு நேரே தெரியும். ஆறு மாதம் கழித்து ஆள் எழுந்து நடக்கிறாரா என்று பார்த்தபோதுதான் ஏமாற்றம். அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டிய 387 பேரிடம் நடந்த யூரோதெர்ம் ஆய்வில் (2015), 32 முதல் 35 டிகிரிக்குக் குளிர வைக்கப்பட்டவர்களே மோசமாகத் தேறினார்கள். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அழுத்தம் ஏறும்வரை காத்திராமல் முன்கூட்டியே குளிர வைத்த போலார் ஆய்விலும் (2018) பலனில்லை.

எனவே இன்று இது கடைசிப் படி. தலைமாட்டை உயர்த்தி, மயக்க மருந்து கொடுத்து, மூளை வீக்கத்தின் நீரை இழுத்தெடுக்கும் மானிட்டால் மருந்தோ அடர் உப்புக் கரைசலோ ஏற்றி, மூளைநீரை வடித்தும் அழுத்தம் அடங்காதபோது 35, 36 டிகிரி வரை மட்டும் இறக்கிப் பார்ப்பார்கள். காய்ச்சல் வராமல் தடுப்பது வேறு விஷயம். அது எல்லோருக்கும் வேண்டும்.

கேள்வி: குளிர வைப்பதில் என்ன கெடும்?

பதில்: முதலில் நடுக்கம். தசை நடுங்கினால் மிச்சப்படுத்திய ஆக்ஸிஜன் அத்தனையும் அதற்கே செலவாகும். கை, பாதங்களை வெதுவெதுப்பாக வைத்து, மக்னீசியம் ஏற்றுவார்கள். அடங்காவிட்டால் தசைத் தளர்த்தி. ரத்தம் உறைவது மந்தமாகும், நுரையீரலில் கிருமி தொற்றும். ரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். பரிசோதனையில் குறைவாகக் காட்டுகிறதே என்று அள்ளி ஏற்றினால், சூடேற்றும்போது ஒளிந்ததும் சேர்ந்து வெளியே வந்து இதயத் துடிப்பைக் குலைத்துவிடும்.

மீண்டும் சூடேற்றுவதில்தான் பல நேரம் காரியம் கெடுகிறது. மணிக்கு கால் டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. அவசரப்பட்டால் ரத்தக் குழாய்கள் விரிந்து, பாடுபட்டு இறக்கிய அழுத்தம் மறுபடி எகிறும். வெப்பத்தை அக்குளில் பார்த்தால் போதாது. உணவுக்குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ வைத்த உணர்கருவி சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

கேள்வி: பிறந்த குழந்தைக்கு மட்டும் பலிக்கிறதாமே?

பதில்: ஆம், பிரசவத்தில் ஆக்ஸிஜன் கிடைக்காமல் மூளை பாதித்த குழந்தைக்கு. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 33.5 டிகிரியில் 72 மணி நேரம். அங்கே சேதம் இரண்டு கட்டமாக வரும். இடைவெளியில் புகுந்து இரண்டாவதைத் தடுக்கலாம்.

கேள்வி: அடிபட்ட இடத்திலேயே தலையில் ஐஸ் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வெதுவெதுப்பான ரத்தம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது தோல்தான் குளிரும், மூளை குளிராது. உடம்பே குளிர்ந்துவிட்டால் ரத்தப்போக்கு நிற்காது. கழுத்தை அசைக்காமல் போர்த்தி, ஆம்புலன்ஸை அழையுங்கள்.