வாக்குகளைக் கூட்டினால் மட்டும் போதுமா? பிரிட்டனின் தேசியவாதக் கட்சிகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: 2009-ல் பத்து லட்சம் வாக்குகளை நெருங்கிய பிரிட்டிஷ் தேசியக் கட்சி (பி.என்.பி.) ஆறே ஆண்டில் எப்படிக் கரைந்தது? அந்த வாக்கெல்லாம், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறக் கோரிய யூகிப் (யு.கே. இன்டிபென்டன்ஸ் பார்ட்டி) கட்சிக்குப் போனதா?

போனதில் பெரும்பகுதி அங்கேதான் போனது. ஆனால் 2009-ல் அந்தக் கட்சி வளர்ந்தது என்ற எண்ணமே பாதி தவறு. அந்த ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 9,43,598 வாக்குகள், 6.2%, இரண்டு இடங்கள். வடமேற்கு இங்கிலாந்தில் கட்சித் தலைவர் நிக் கிரிஃபின் 1,32,094 வாக்குகளுடன் வென்றார். அதே பகுதியில் 2004-ல் கட்சி வாங்கியது 1,34,959. அப்போது இடம் கிடைக்கவில்லை. யார்க்‌ஷயரிலும் இதே கதைதான்: வாக்கு குறைந்தது, இடம் கிடைத்தது. 2004-ல் இந்த இரு பகுதிகளிலும் முழுக்க அஞ்சல் வாக்குப்பதிவு என்பதால் நிறையப் பேர் வாக்களித்திருந்தார்கள். 2009-ல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு ஊழல் வெடித்த நேரம். தொழிற்கட்சி ஆதரவாளர்கள் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மொத்தம் சுருங்கியதால் அதே வாக்குக்கு எடை கூடியது, அவ்வளவுதான்.

2010 பொதுத்தேர்தலில் 338 வேட்பாளர்களை நிறுத்தி 5,64,321 வாக்குகள் (1.9%) வாங்கினார்கள். லண்டனின் பார்க்கிங் (Barking) தொகுதியில் கிரிஃபினுக்கு மூன்றாமிடம். பார்க்கிங்-டேகனம் உள்ளாட்சி மன்றத்தில் கையிலிருந்த 12 இடங்களும் அதே நாளில் போயின. 266 பேர் டெபாசிட் இழந்தார்கள். தலா 500 பவுண்டு என்றால் 1,33,000 பவுண்டு. ஏற்கெனவே கடனில் இருந்த கட்சிக்கு இது பேரிடி. 2015-ல் எட்டு வேட்பாளர்கள், நாடு முழுவதும் 1,667 வாக்குகள்.

யூகிப் 2015-ல் வாங்கியது 38.8 லட்சம். பி.என்.பி.யின் ஐந்தரை லட்சமும் முழுதாக அங்கே போயிருந்தாலும் ஏழில் ஒரு பங்குதான். யூகிப்புக்கு வந்தவர்களில் மிகப்பெரிய கூட்டம் முன்பு கன்சர்வேடிவ் கட்சிக்கு வாக்களித்தவர்கள்.

கேள்வி: கொள்கை இவ்வளவு நெருக்கம் என்றால் இருவரும் தொகுதி உடன்பாடு செய்திருக்கலாமே?

ஐரோப்பிய ஒன்றியம், குடியேற்றம் இரண்டிலும் முழக்கம் ஒத்துப்போகும். வேர் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை எதிர்த்து 1993-ல் வரலாற்றுப் பேராசிரியர் ஆலன் ஸ்கெட் தொடங்கியது யூகிப். பி.என்.பி.யோ 2010 பிப்ரவரி வரை வெள்ளையர் அல்லாதோரை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. நீதிமன்ற வழக்கு வந்த பிறகுதான் அந்த விதியை மாற்றியது. அந்தக் கறை ஒட்டிக்கொண்டால் கன்சர்வேடிவ் வாக்காளர் பக்கமே திரும்பமாட்டார் என்று யூகிப்புக்குத் தெரியும். அதனால்தான் பி.என்.பி.யின் முன்னாள் உறுப்பினர்கள் யூகிப்பில் சேரவே தடை போட்டார்கள்.

அந்த வேலியைத் தளர்த்தியபோது என்ன ஆனது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018-ல் யூகிப் தலைவர் ஜெரார்ட் பேட்டன், முன்பு பி.என்.பி. உறுப்பினராக இருந்த தீவிர வலதுசாரி டாமி ராபின்சனை ஆலோசகராக்கினார். முன்னாள் தலைவர் நைஜல் ஃபராஜ் கட்சியை விட்டு வெளியேறினார். அடுத்த மே மாத ஐரோப்பியத் தேர்தலில் ஃபராஜின் புதிய பிரெக்ஸிட் கட்சிக்கு 30.5%, 29 இடங்கள். யூகிப்புக்கு 3.2%, ஒன்றுமில்லை.

கேள்வி: 2019-ல் ஹார்ட்லிபூலில் வலதுசாரி வாக்கு பிரிந்ததால்தானே தொழிற்கட்சி தப்பியது?

ஹார்ட்லிபூலுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். தொழிற்கட்சி 15,464, கன்சர்வேடிவ் 11,869, பிரெக்ஸிட் கட்சி 10,603. 2021 இடைத்தேர்தலில் அந்த மூன்றாவது கட்சி ரிஃபார்ம் யு.கே. என்ற புதுப் பெயரில் நின்று ஒரு சதவீதத்தையொட்டிச் சுருங்கியது, கன்சர்வேடிவ் 51.9% வாங்கி வென்றது.

இதையே பார்ன்ஸ்லி சென்ட்ரலுக்குப் போட்டால் தவறாகும். பழைய சுரங்க ஊர். 2019-ல் அங்கே பிரெக்ஸிட் கட்சி 30.4% வாங்கி இரண்டாமிடம். முந்தைய தேர்தலோடு ஒப்பிட்டால் தொழிற்கட்சி சுமார் 24 புள்ளி இழந்திருக்கிறது, கன்சர்வேடிவ் இழந்தது மூன்று புள்ளிக்குள். அந்த வாக்கு யாருடையது என்று இதிலேயே தெரிகிறது. பிரெக்ஸிட் கட்சி நிற்காமல் இருந்திருந்தால் அதில் கணிசமான பகுதி தொழிற்கட்சிக்கே திரும்பியிருக்கும், அல்லது வாக்குச்சாவடிக்கே வந்திருக்காது.

ஆகவே இரண்டு கட்சியின் வாக்கைக் கூட்டும் முன் முந்தைய தேர்தலில் யாருக்கு எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். பிறகு பதிவான மொத்த வாக்கைப் பாருங்கள். 2019 நவம்பர் 11 அன்று, கன்சர்வேடிவ் 2017-ல் வென்ற 317 தொகுதிகளில் நிற்கமாட்டோம் என்று ஃபராஜ் அறிவித்தார். எனவே அந்தத் தேர்தலில் பிரெக்ஸிட் கட்சியின் 2% நாடு தழுவிய பலத்தின் அளவுகோல் ஆகாது.

கேள்வி: ஒத்த பெயரில் ஒரு கட்சி நின்று உண்மையில் ஓர் இடத்தையாவது மாற்ற முடியுமா?

முடியும். 2014 ஐரோப்பியத் தேர்தலில் யூகிப்பிலிருந்து பிரிந்த மைக் நாட்ரஸ் ‘அன் இன்டிபென்டன்ஸ் ஃப்ரம் யூரோப்’ என்ற கட்சியை நிறுத்தினார். அகரவரிசைப்படி வாக்குச்சீட்டின் உச்சியில் அந்தப் பெயர்; யூகிப் அடியில். தென்மேற்கு இங்கிலாந்தில் ஆறு இடங்கள், டி'ஹோண்ட் முறை: ஓர் இடம் கிடைத்த கட்சியின் வாக்கை இரண்டால் வகுப்பார்கள், இரண்டு கிடைத்தால் மூன்றால். யூகிப்புக்கு 4.84 லட்சம். மூன்றால் வகுத்தால் 1.61 லட்சம். பசுமைக் கட்சிக்கு 1.66 லட்சம், ஆறாவது இடம் அவர்களுக்கு. நாட்ரஸ் கட்சி வாங்கிய 23,000 வாக்கும் யூகிப்பில் சேர்ந்திருந்தால் 5.07 லட்சம், மூன்றில் ஒரு பங்கு 1.69 லட்சம். இடம் கைமாறியிருக்கும். அந்த 23,000 பேரும் குழம்பித்தான் வாக்களித்தார்கள் என்று நிரூபிக்க முடியாது. சிலர் தெரிந்தே போட்டிருப்பார்கள்.

1994-ல் ‘லிட்டரல் டெமாக்ரட்’ என்று ஒருவர் டெவன் பகுதியில் நின்று 10,203 வாக்கு வாங்க, லிபரல் டெமாக்ரட் சுமார் 700 வாக்கில் தோற்றார். இதுபோன்ற குழப்பங்களால்தான் 1998-ல் கட்சிப் பதிவுச் சட்டம் வந்தது. இன்று கட்சிப் பெயரையும் சீட்டில் வரும் விளக்கத்தையும் தேர்தல் ஆணையத்தில் பதிய வேண்டும். ஆறு சொல்லுக்கு மேல் கூடாது.

கேள்வி: ரிஃபார்முக்கு 41 லட்சம் வாக்குக்கு ஐந்தே இடங்கள். இது இனியும் தொடருமா?

2024-ல் அவர்கள் வாக்கு நாடெங்கும் சமமாகப் பரவியிருந்தது. 98 தொகுதிகளில் இரண்டாமிடம். லிபரல் டெமாக்ரட் 35 லட்சம்தான் வாங்கியது, குறிப்பிட்ட இடங்களில் குவித்ததால் 72 இடங்கள். பரவலான வாக்கு 14 சதவீதத்தில் பெருஞ்சுமை. மற்ற கட்சிகள் சிதறிக் கிடக்க, அதே பரவல் முப்பதை நெருங்கினால் பல இடங்களில் ஒரே நேரத்தில் முதலிடம் வரும். ஆனால் மயிரிழையில் முடியும் தொகுதிகளும் அதிகமாகும். 2025 மே மாதம் ரன்கார்ன்-ஹெல்ஸ்பி இடைத்தேர்தலில் ரிஃபார்ம் வென்றது 6 வாக்கில். பிரிந்து போனவர்கள் தொடங்கும் சிறு கட்சி ஒன்று நூறு வாக்கு எடுத்தாலே இப்படிப்பட்ட முடிவு புரண்டுவிடும்.

கேள்வி: இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் பிரிட்டனின் பொதுத்தேர்தலில் வாக்களிக்க முடியுமா?

முடியும். காமன்வெல்த் நாட்டவர் சட்டப்படி அங்கே தங்கும் அனுமதியோடு வசித்தால் போதும். இந்தியருக்கும் இதே விதி. வாக்காளர் பட்டியலில் பெயர் பதிய வேண்டும். வாக்குச்சாவடியில் படத்துடன் கூடிய அடையாளச் சான்று கேட்பார்கள். காமன்வெல்த் நாட்டுக் கடவுச்சீட்டையே காட்டலாம்.